தட்டியில் காய்ந்த ஊர்

சவரிமேட்டில் திராட்சையைப் பிழியாமல் மூங்கில் தட்டியில் காயப்போட ஆரம்பித்த இரண்டாவது வருஷம் ஊரில் ஒருவருக்கும் கண்ணீர் வராமல் போனது. முதலில் அதைக் கண்டுகொண்டவர்கள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்கள்தான். முறம் நிறைய உரித்தும் கண் கரிக்கவில்லையே என்று ஒருத்தி சொல்ல, எனக்கும்தான் என்று பக்கத்தில் இருந்தவள் சொல்ல, நல்லதாய்ப் போயிற்று என்று சிரித்துக்கொண்டே இன்னொரு முறம் அள்ளிப்போட்டு உரித்தார்கள். அவ்வளவுதான். மழை விட்டதைப் போல, கரண்டு போனதைப் போல, அதுவும் நடந்த காரியங்களில் ஒன்றாகிவிட்டது.

சவரிமேடு கம்பம் பள்ளத்தாக்கில் மலையை ஒட்டிக் கிடக்கிற ஊர். நடுவில் மாதா கோயில், கோயிலைச் சுற்றி வீடுகள், வீடுகளைச் சுற்றிக் கல்தூணும் கம்பியுமாய்ப் பன்னீர் திராட்சைப் பந்தல்கள். குருமடத்தில் படிக்கப் போய்ப் பாதியில் வெளியேறி, எப்படியோ இத்தாலிக்குப் போய், வெரோனா பக்கத்து மலைத்தோட்டங்களில் கூலிக்குப் பழம் பறித்த பெர்க்மான்ஸ் ஊர் திரும்பியபோது, பெட்டி நிறையச் சாமான் வரும் என்று பார்த்திருந்தவர்களுக்கு அமரோனே என்ற ஒரு ஒயினின் பேரைத்தான் கொண்டுவந்தான். பறித்த பழத்தைப் பறித்த கையோடு பிழியக் கூடாது, தட்டி மேல் தட்டியாக மச்சில் அடுக்கி, ஒரு குலை இன்னொரு குலையைத் தொடாமல் பரப்பி, மாசக்கணக்கில் காற்றாடவிட்டு, பழம் சுருங்கி எடை பாதியான பிறகு பிழிய வேண்டும், பிழிந்ததை அதன் இனிப்பெல்லாம் தீரும்வரை அவசரப்படாமல் புளிக்கவிட வேண்டும், அப்புறம் ஓக் மரப் பீப்பாயில் வருஷக்கணக்கில் கிடக்க வேண்டும், கிடந்தால் அது ரத்தத்தைவிடக் கறுத்து, கெட்டியாகி, நாக்கில் பாரமாய் உட்கார்ந்து, இறங்கும்போது கசக்கும் என்றான். பெரிய கசப்பு என்பதுதான் அந்தப் பேருக்கே அர்த்தமாம். பூசையில் வைக்கிற இனிப்பு ரசத்தை மட்டும் அறிந்திருந்த ஊர், கசக்குறதுக்கா இம்புட்டுப் பாடு என்று கேட்டது. கேட்டாலும், விலை போகாத திராட்சையை ரோட்டில் கொட்டிவிட்டு வந்த கோபம் எல்லாருக்கும் இருந்ததால், வீட்டுக்கு வீடு மச்சில் தட்டி கட்டிற்று.

முதல் வருஷம் மலைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த சாரல் விடவேயில்லை. பழத்தில் சாம்பல் பூசணம் பூத்து, மச்சுப் பலகை வழியாய்ச் சொட்டி, கீழே தூங்கினவர்கள் மேலெல்லாம் புளித்த வாடை அடித்தது. அப்போதுதான் ஊர் கூடி வியாகுல மாதாவுக்கு நவநாள் வைத்தார்கள். எங்கள் வீடுகளில் இருக்கிற ஈரத்தையெல்லாம் எடுத்துப் போடும் தாயே என்று முழங்காலில் நின்று மன்றாடினார்கள். பழத்து ஈரத்தை மட்டும் என்று யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. அடுத்த அறுப்பு தட்டியில் ஏறியபோது சாரல் அடித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் பழம் காய்ந்தது, சருகு மாதிரி சத்தம் போட்டுக் காய்ந்தது. வெரோனாவில் வருஷத்துக்கு ஒருதரம்தான் பழம் ஏறும். இங்கே இரண்டு அறுப்பு, சில தோட்டத்தில் மூன்று, ஆகையால் தட்டி காலியாய்க் கிடந்த நாளே கிடையாது.

ஜெசிந்தா இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது மூன்றாம் வருஷம். திண்டுக்கல்லில் கன்னியர் மடத்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள், தலையணையைக் கடித்துக்கொண்டு பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காமல் அழுவதில் நல்ல பழக்கம் உள்ளவள். தாய்வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஆரம்பித்த அழுகை வழியெல்லாம் நிற்காமல், ஊர் எல்லையில் முல்லையாற்றுப் பாலத்தில் கார் ஏறி இறங்கியதும் குழாயைத் திருகினமாதிரி நின்றது. நெஞ்சு அழுதுகொண்டுதான் இருந்தது, முகத்தில்தான் ஒன்றுமில்லை. ஆரத்தி எடுத்த மாமியார் மதலேனம்மாள் அந்த உலர்ந்த முகத்தைத் தாடை பிடித்துத் திருப்பிப் பார்த்து, எங்க வீட்டு வாசல்ல வந்து அழாம நின்ன பிள்ளை, இது போதும் என்று பூரித்துப்போனாள்.

கண்ணீர் இல்லாமல் ஊர் நடத்துவது ஒன்றும் கஷ்டமாக இல்லை. சாமியார் பிரசங்கத்தில், செய்த பாவத்துக்கு மனஸ்தாபம் உள்ளத்தில் இருந்தால் போதும், கன்னம் நனைய வேண்டும் என்று திருச்சபை எங்கேயும் சொல்லவில்லை என்று விளக்கினார். டீச்சர்கள் பிரம்படி வாங்கின பிள்ளைகளில் யாருக்கு உண்மையாகவே வலித்தது என்று தெரியாமல் எல்லாரையும் ஒரே மாதிரி அடித்தார்கள். புருஷன்மார் பெண்டாட்டிமார் அழுவதை நம்புவதை விட்டார்கள், சொட்டுத் தண்ணி இல்ல, யாருகிட்டடி நடிக்கிற என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தார்கள். கொஞ்ச நாளில் பெண்களும் வீட்டில் அழுவதை விட்டார்கள். ஏனென்றால் பாலம் இருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் கால் வைத்ததும் சேர்ந்துகிடந்ததெல்லாம் ஒரேயடியாய் வந்தது.

டவுனுக்குப் போகிற பஸ் பாலம் தாண்டியதும் நின்றுவிடும். கண்டக்டர் வீரணன் விசில் ஊதி, அழுகிறவங்கல்லாம் இறங்கி அழுதுட்டு வாங்க, உள்ள உக்காந்து சீட்ட நனைக்காதீங்க என்பார். பெண்கள் புளியமரத்தடியில் வரிசையாய் உட்கார்ந்து, போன மாசம் வாங்கின அடிக்கும், முந்தாநாள் கேட்ட பேச்சுக்கும், எதற்கென்றே மறந்துபோனதற்கும் அழுதார்கள். ஆண்கள் ஒன்றுக்கு இருப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பி நின்று அழுதார்கள். ஒருத்தர் துண்டு விற்றார், ஒருத்தர் டீக்கடை போட்டார். செத்துப்போனவர்களை முதலில் பாலத்துக்குத் தூக்கிப்போய், அங்கே வைத்து அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்பிக் கொண்டுவந்து கல்லறையில் வைப்பது என்று வழக்கமாகிவிட்டது. எந்நேரமாச்சு, இன்னும் அழுது முடியலையா என்று குழி வெட்டுகிறவர் போனில் கேட்பார்.

அந்தக் கண்ணீரெல்லாம் எங்கே போகிறது என்பதும் ஒருநாள் தெரிந்துபோனது. முதல் பீப்பாய் திறக்கிற அன்று வெரோனாவிலிருந்து ஒரு வியாபாரி வந்திருந்தார், உயரமான, இருமிக்கொண்டே இருக்கிற மனுஷர். ஜெசிந்தாவின் புருஷன் ரெமிஜியுஸ் கிளாசில் ஊற்றிக்கொடுத்ததை முகர்ந்து, சுழற்றி, வாயில் வைத்துக் கண்ணை மூடினார். மூடின கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடைக்கு வந்தது. சவரிமேட்டில் அத்தனை வருஷத்துக்கு அப்புறம் விழுந்த முதல் சொட்டு அது. பிள்ளைகள் ஓடிவந்து அவரைச் சுற்றி நின்று அண்ணாந்து பார்த்தார்கள். மதலேனம்மாள் கூச்சமே படாமல் கையை நீட்டி அவர் கன்னத்தைத் தொட்டு விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு இருக்கா என்று யாரோ கேட்க, இருக்கு, நம்ம உப்புத்தான் என்றாள். வியாபாரி சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். எங்க ஊர் அமரோனேயில கசப்பு மட்டும்தான் இருக்கும், இதுல யாரோ இருக்காங்கன்னு சொல்றாரு என்று பெர்க்மான்ஸ் மொழிபெயர்த்தான். இனிமேல் எத்தனை பீப்பாய் வந்தாலும் அவருக்குத்தான் என்று பேச்சு முடிந்தது. அன்றைக்கு ஊரில் ஆடு அடித்தார்கள். எங்கேயோ தூரத்தில் விளக்குப் போட்ட மேசைகளில், யார் யாரோ குடித்துவிட்டு, காரணம் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள் என்று நினைத்தபோது ஜெசிந்தாவுக்குப் பொறாமையாக இருந்தது.

அப்போது அவள் மாசமாக இருந்தாள். டவுன் ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளை பிறந்தது, பிலோமினா என்று பேர் வைத்தார்கள், பிலோமி என்று கூப்பிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது அங்கே ஒரு நர்ஸ், பேச்சில் கண்டிப்பும் கையில் வாத்சல்யமும் உள்ளவள், பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொடுத்துக்கொண்டே சொன்னாள். இப்ப கண்ணீர் வராது, கொஞ்ச மாசம் போனா வரும். வர ஆரம்பிச்சதுக்கு அப்புறம் வயித்தால போகும்போதோ காய்ச்சல்லயோ கண்ணீர் இல்லாம அழுதுச்சுன்னா உடம்புல தண்ணியே இல்லன்னு அர்த்தம், சோறு தண்ணிகூடப் பாக்காம தூக்கிட்டு ஓடி வந்துரணும்.

ஜெசிந்தா அந்த வார்த்தையை மந்திரம் மாதிரி மனசில் வைத்துக்கொண்டு பாலம் தாண்டினாள். தாண்டியதும்தான் புரிந்தது, தான் வாழப்போகிற ஊரில் அந்த மந்திரம் செல்லாது.

மாசாமாசம் எடைபோட வருகிற ஊர் நர்ஸ் கோமதியிடம் கேட்டாள். கோமதி டவுனில் இருந்து வந்துபோகிறவள், பாலத்தில் அழுதுவிட்டுத்தான் போவாள். இந்த ஊருக்கு அந்தக் கணக்கு கிடையாதும்மா, இங்க எல்லாப் பிள்ளையும் வறட்டு அழுகைதான், அதையெல்லாம் பாத்தா நான் தினம் ஆம்புலன்ஸ்ல இல்ல பிள்ளை ஏத்தணும் என்று சொல்லிவிட்டு அட்டையில் எடை எழுதினாள். அவள் சொன்னதும் நியாயம்தான். கண்ணீர் மட்டும் என்றில்லை, சவரிமேட்டில் எல்லார் நாக்கும் காய்ந்திருந்தது, எல்லார் உதடும் வெடித்திருந்தது, எல்லாப் பிள்ளையின் தோலும் மொடமொடவென்று இருந்தது. சீக்கு வந்த பிள்ளை எது, ஊர்ப் பிள்ளை எது என்று பிரித்துச் சொல்ல ஒரு அடையாளமும் மிச்சமில்லை. ஜெசிந்தா மட்டும் தொட்டில் முன்னால் உட்கார்ந்து, மேலே மச்சில் பழம் காய்கிற சருகுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, பிள்ளையின் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பாள். மச்சு குடிக்கிறது என்று அவளுக்குத் தோன்றும். அதற்குப் பழம் எது, பிள்ளை எது என்று தெரியவா போகிறது.

பிலோமி குப்புற விழுந்து தவழப் பார்க்கிற மாசத்தில், பிழிகிற வேலை மும்முரமாய் நடக்கிற நேரத்தில், பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டது. காலையில் இரண்டு துணி மாற்றினாள், உச்சிப்பொழுதுக்குள் மாற்றத் துணி இல்லை. மாமியார் வசம்பு சுட்டு உரசி நாக்கில் தடவினாள். பிள்ளை அழுதது, சத்தம் போட்டு அழுதது, அப்புறம் சத்தம் சிறுத்துப் பூனைக்குட்டி மாதிரி அழுதது, அப்புறம் அழாமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. ஜெசிந்தா பிழிகிற கொட்டகைக்கு ஓடினாள். ரெமிஜியுஸ் முழங்கை வரைக்கும் கறுஞ்சிவப்பாய் நின்றிருந்தான்.

“ஏங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம். பிள்ளை கண்ணுல தண்ணி இல்ல.”

கூட நின்ற ஆட்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், கெட்ட சிரிப்பு இல்லை, பாவம், அசதிச் சிரிப்பு.

“எவன் கண்ணுல இருக்கு, ஜெசி? எங்கண்ணுல இருக்கா பாரு. இதைப் போட்டுட்டு இப்ப வர முடியாது, பாதிப் பிழியலா விட்டா அம்புட்டும் காடியாப் போகும். பொழுது சாயட்டும், கூட்டிட்டுப் போறேன்.”

வீட்டுக்குத் திரும்பியபோது மதலேனம்மாள் பிள்ளையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டு, அடங்கிருச்சு பாத்தியா, எம்புட்டு அமைதியாக் கெடக்கு, நல்ல பிள்ளை என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள். அந்த நல்ல பிள்ளை என்ற வார்த்தையைக் கேட்டதும் ஜெசிந்தா மடியிலிருந்து பிள்ளையைப் பிடுங்கினாள். மாமியார் கோபப்பட்டதை, புள்ள பெத்தவ உலகத்துல நீ ஒருத்திதானா என்று கேட்டதை, தெரு முழுக்கக் கேட்கச் சத்தம் போட்டதை எல்லாம் முதுகில் வாங்கிக்கொண்டு செருப்பில்லாமல் நடந்து பஸ்ஸில் ஏறினாள்.

பாலம் தாண்டியது. வழக்கம்போல விசில் ஊதி பஸ் நின்றது, சனம் இறங்கிற்று. ஜெசிந்தா இறங்கவில்லை. அவளுக்கு உட்கார்ந்த இடத்திலேயே பொங்கியது, கல்யாணத்து அன்று பாதியில் நின்றுபோனதிலிருந்து எல்லாம் பொங்கி, மூக்கு வழியாய் வாய் வழியாய் வந்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு மடியைப் பார்த்தாள். பிலோமி உதட்டைப் பிதுக்கி, முகத்தைச் சுருக்கி, வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தது. கண் இரண்டும் கழுவி வைத்த கூழாங்கல் காய்ந்தமாதிரி இருந்தன. சுற்றிலும் புளியமரத்தடியில் ஊரே ஓவென்று அழுகிறது, அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் ஒரு சொட்டு இல்லை.

வீரணன் டிக்கெட் பையை மாட்டியபடி எட்டிப் பார்த்தார். அவர் பாலத்துக்கு அந்தப் பக்கத்து மனுஷர், எந்தப் பிள்ளைக்குக் கண்ணீர் வர வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

“இந்தப் பக்கம் வந்துமா வரல?”

அவள் தலையை ஆட்டினாள். அவர் விசிலை ஊதி, அழுதவங்க அழுகாதவங்க எல்லாரும் ஏறுங்க, மிச்சத்தை டவுன்ல போய் அழுதுக்கலாம் என்று கத்தினார். பாதி அழுகையில் ஏறினவர்கள் நிற்காமல் அழுதுகொண்டே வர, வழியில் கை காட்டினவர்களுக்கு நிறுத்தாமல், பஸ் நேராய் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது.

டாக்டரம்மா பிள்ளையின் உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஜெசிந்தாவைப் பார்க்காமலேயே, எந்த ஊர் என்று கேட்டார். சவரிமேடு என்றதும் ஊசி குத்த நரம்பு தேடிக்கொண்டிருந்தவர் கை ஒரு நிமிஷம் நின்றது. பொழுது சாய்ந்து வந்திருந்தால் பிள்ளை இருந்திருக்காது என்றார். கையில் நரம்பு கிடைக்கவில்லை, காலில் கிடைக்கவில்லை, தலையை ஒருபக்கம் சிரைத்து அங்கே குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாள் மத்தியானம் பிளாஸ்திரியை மாற்ற இழுத்தபோது பிள்ளை வீறிட்டது. இடது கண்ணோரம் ஒரு துளி திரண்டு, நிற்கலாமா விழலாமா என்று யோசித்து, காதுப்பக்கம் உருண்டது. ஜெசிந்தா அதைத் துடைக்கவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பாலத்துக்கு வெளியிலேயே இருந்துவிட ஆசைதான். அம்மா இல்லாத தாய்வீட்டில் அண்ணன் பெண்டாட்டி கொஞ்ச நாள் முகம் கொடுத்தாள், அப்புறம் பாத்திரம் உருட்டினாள். ரெமிஜியுஸ் வந்தான். பாலம் தாண்டி வந்த முகம் நனைந்து வீங்கியிருந்தது. மன்னிச்சுரு என்றான், நான் கெட்டவன் இல்ல ஜெசி என்றான், டவுன்ல வீடு பாப்போம் என்று அவள் சொன்னதற்கு மட்டும், பீப்பாய் இன்னும் ரெண்டு வருஷம் கெடக்கணுமே, அதை விட்டுட்டு நான் எங்க வருவேன் என்றான். பந்தல், மச்சு, பீப்பாய் எல்லாம் சவரிமேட்டில்தான் இருந்தன. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் போனாள்.

போன மறுநாளிலிருந்து வேலை ஒன்று கூடிற்று. சாயங்காலம் தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்துவிட்டுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாலம் தாண்டி நடப்பாள். புளியமரத்தடியில் உட்கார்ந்து, பிள்ளையின் கவுனை விலக்கி, தொடையில் சுருக்கென்று கிள்ளுவாள். பிள்ளை வீறிடும். கண்ணில் தண்ணீர் வந்ததும் நெஞ்சுப் பாரம் இறங்க, கிள்ளின இடத்தில் முத்தம் கொடுத்து, மாரில் போட்டுத் தட்டிக்கொண்டு திரும்புவாள்.

ஊர் முதலில் சிரித்தது. கிள்ளி ஜெசிந்தா என்று பேர் வைத்தது. அப்புறம், மேலத்தெருவில் ஒரு ஆண்பிள்ளை நல்ல பிள்ளையாய்த் தூங்கித் தூங்கியே ஒரு மத்தியானம் விறைத்துப்போக, பாலத்தில் வைத்து அழுதுவிட்டுத் திரும்பிக் கொண்டுவந்து புதைத்த பிறகு, மறுநாள் சாயங்காலம் அவளோடு இன்னொருத்தி நடந்தாள். அதற்கு மறுநாள் நாலைந்து பேர். மழைக்காலம் முடிவதற்குள் கைப்பிள்ளைக்காரிகள் அத்தனை பேரும் பொழுது சாய்கிற நேரத்துக்கு வரிசையாய்ப் பாலம் தாண்டி, வரிசையாய் உட்கார்ந்து, ஒருத்தி தொடையில், ஒருத்தி புஜத்தில், ஒருத்தி பாதத்தில் என்று அவரவர் பிள்ளையைக் கிள்ளினார்கள். டீக்கடைக்காரர் பெண்களுக்கென்று பெஞ்சு போட்டார். எம்மவனுக்கு லேசாத் தொட்டாலே வந்துரும் என்று ஒருத்தி பெருமை பேசினாள். எங்களுக்கெல்லாம் நகம் வெட்டவே கூடாது போல என்று இன்னொருத்தி விளையாட்டாய்ச் சொன்னதற்கு எல்லாரும் சிரித்தார்கள். சாமியார் அந்தப் பக்கம் வந்து, பிள்ளைகள் அழுகிற வரிசைக்குப் பொதுவாய் ஒரு சிலுவை போட்டு ஆசீர்வதித்துவிட்டுப் போனார். தட்டியை இறக்கிவிடலாம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. ஜெசிந்தாவும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும், ஒன்றும் ஆகாது.

பிலோமி நிற்கப் பழகி, ஒரு அடி இரண்டு அடி வைக்க ஆரம்பித்தது. அந்த வாரம் பிள்ளைக்கு லேசாக உடம்பு சுட்டது. சோறு இறங்கவில்லை. ஜெசிந்தா மற்றவர்கள் வருமுன்பே பாலம் தாண்டிவிட்டாள். மரத்தடியில் இறக்கிவிட்டதும் பிள்ளை அவள் மடியில் தானாகவே வந்து உட்கார்ந்து, தானாகவே கவுனைத் தூக்கித் தொடையைக் காட்டியது.

அவள் கிள்ளினாள்.

பிள்ளை அழவில்லை. வலிக்காமல் இல்லை, தொடை சிவந்தது, உதடு ஒருதரம் கோணிற்று. ஆனால் அழவில்லை. சோறூட்டுவது, தலைசீவுவது மாதிரி இதுவும் அம்மா தினமும் செய்கிற ஒன்று, முடித்துவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்பதுபோல அவள் முகத்தையே பொறுமையாய்ப் பார்த்துக்கொண்டிருந்தது. பழகிவிட்டதா, காய்ந்துவிட்டதா. ஜெசிந்தா குனிந்து அந்தக் கண்களுக்குள் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை, அவள் கண்ணே வழிந்து வழிந்து மறைத்தது. முழங்கையால் துடைத்தாள், மறுபடியும் மறைத்தது. மறுபடியும் துடைத்தாள்.

“அழு தாயி,” என்றாள். “அம்மாவுக்காக ஒருதரம் அழுதுரு.”

பிள்ளை அவள் கன்னத்துத் தண்ணீரை விரலால் தொட்டுப் பார்த்தது.

ஜெசிந்தா அடுத்த தொடையை எடுத்து, இருந்த பலமெல்லாம் நகத்துக்குக் கொண்டுவந்து, கிள்ளினாள்.